எண்ணி மூடிய எஞ்சின்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் நலம். சுரங்கத்துத் தூசி உன் மூச்சுக்கு ஒத்துக்கொள்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எழுது. கேம்ப் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஜெயிலில்கூட வாரம் ஒரு தடவை பேச விடுவார்கள் என்கிறார் மாமா.

நீ ஒரு கை இல்லாத சட்டையோடு பஸ் ஏறியதை அவர் இன்னும் மறக்கவில்லை. வண்டிப் பக்கம் யார் வந்தாலும் சொல்லிச் சிரிக்கிறார். "எஞ்சினை முழுசா மாட்டிட்டான், சட்டையைத்தான் பாதி கழட்டிட்டுப் போயிட்டான்."

விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும் முன் நீ பிரித்து மாட்டிக் கொடுத்த நம் லாரி எஞ்சின் மூன்று வாரம் நன்றாக ஓடியது. இப்போது ஆயில் பிரஷர் முள் விளையாட்டுக் காட்டுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நாலில் நிற்கிறது. குவாரியில் கல் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது பாதி வழியில் இரண்டுக்கு வருகிறது, பிறகு ஒன்று. மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி நாலு. சில நாள் இறங்குவதே இல்லை.

அந்த இறக்கம் உனக்குத் தெரியும். பதினோரு கொண்டை ஊசி வளைவு, வாரத்துக்கு நாலு நடை. எண்ணெய் போகாமல் எஞ்சின் நடுவழியில் இறுகினால் பிரேக்குக்குக் காற்று வராது, ஸ்டீயரிங் திரும்பாது, இருபது டன் கல் பின்னாலிருந்து தள்ளும். மாமா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் அவரிடம் பேசுவதில்லை. உன்னிடம் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அறைக்குப் பதினாறு பேர், பதினாறு பேருக்கும் ஒரே இருமல், அதனால் யாருக்கும் தனியாக நோய் என்று எதுவும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? மாமா சுகமா? இடுப்பு வலி குறைந்ததா?

சட்டைக் கதையை மாமா விட மாட்டார் போலிருக்கிறது. எஞ்சின் அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியை, சம்ப்பை, மூடும்போது மேலேயிருந்து எண்ணெய் கண்ணிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீயும் என் பையைக் கட்டப் போய்விட்டாய். கைக்குக் கிடைத்ததைக் கிழித்தேன். கிடைத்தது என் சட்டைக் கை. அவ்வளவுதான்.

முள் விஷயம். முதலில் மீட்டரைச் சந்தேகப்படு. பழைய மீட்டர், சூடானால் பொய் சொல்லும். வேறு ஒரு நல்ல மீட்டரைக் கடன் வாங்கி, எஞ்சினிலேயே நேராக மாட்டிப் பாருங்கள். அடுத்து எண்ணெய். குவாரிக்காரன் கொடுக்கும் எண்ணெயை ஊற்றினீர்களா? அவன் கொடுப்பதில் டப்பாவில் ஒரு பெயர் இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். நான் சொன்ன எண்ணெயை மாற்றி ஊற்றுங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள்.

எஞ்சின் உள்ளே நீயும் நானும் போட்ட வேலை. அங்கே தப்பு இருக்க வழியில்லை. வெளியே தேடுங்கள்.

மாமாவை இறக்கத்தில் நிதானமாக வரச் சொல்.

தம்பி

*

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமலுக்கு அங்கே டாக்டர் இல்லையா? இங்கே இருவரும் சுகம். மாமாவின் இடுப்பு அப்படியேதான்.

வேறு மீட்டர் மாட்டினோம். அதுவும் அதையேதான் சொல்கிறது. எண்ணெய் மாற்றினோம், ஃபில்டர் மாற்றினோம். நாலு நாள் இறங்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்து உனக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டவும் ஒட்டினேன். ஐந்தாம் நாள் முள் அரைக்கு வந்தது. அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வண்டியை ஒரு நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்றால் குவாரி கேட் மேஸ்திரி விட மாட்டான். ஒரு நடை தவறினால் நம் வரிசை வேறு வண்டிக்குப் போய்விடும். போன மாதம் ஒருவருக்கு அப்படித்தான் போனது. அவர் மனைவிக்குப் பிரசவமாம். மேஸ்திரி கேட்டானாம், "பிரசவம் உனக்கா, அவளுக்கா?"

மாமாவுக்கு வண்டிதான் முதல் சம்சாரம், தெரியும்தானே. என்னிடம் கேட்கிறார், "மூத்தவ வயித்தைக் கிழிச்சுத் தைச்சானே உன் தம்பி, உள்ள எதையாவது விட்டுட்டுத் தைச்சுட்டானா?" விளையாட்டாகத்தான் கேட்டார்.

கிராங்க் தண்டைக் கடைசல் பட்டறையில் கடைந்து வந்தபோது நீ அளவு எடுத்து எழுதிய சீட்டு எங்கே என்றும் கேட்டார். இருந்தால் வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமாம்.

எனக்கும் ஒரு சந்தேகம். பக்கத்து ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். எஞ்சினுக்குள் துணி எதுவும் தங்கிவிட்டால் அது எண்ணெயில் ஊறி நைந்து போய்விடுமா, அப்படியே கிடக்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. டாக்டர் இருக்கிறார். வேலைக்கு லாயக்கு என்று கையெழுத்துப் போடுவதற்காக. நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஃபில்டர் இருக்கும் பக்கத்தில் ரிலீஃப் வால்வு இருக்கிறது. அழுத்தம் கூடினால் திறந்து எண்ணெயைத் திருப்பி விடுவதற்கு. அதில் ஒரு பொடி மாட்டிக்கொண்டால் திறந்தே நின்றுவிடும். ஒரு நாள் இப்படி ஒரு நாள் அப்படி என்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். வெளியிலிருந்தே கழற்றலாம். ஸ்பிரிங்கையும் பார். ஒரே நாளில், வண்டி லோடுக்கு நிற்கும்போதே முடித்துவிடலாம்.

சம்ப்பை மட்டும் இப்போது இறக்க வேண்டாம். அடியில் அதைத் திறந்தால் ஒரு நாள் போய்விடும், வரிசையும் போய்விடும். எவனோ ஒரு மெக்கானிக் வந்து பேரிங்கை எல்லாம் நோண்டுவான். அதெல்லாம் தேவையில்லை.

அளவுச் சீட்டு நான் வேலை பார்த்த ஷெட் முதலாளி மேஜையில் இருக்கும். அவனிடம் போய் நிற்க வேண்டாம். நான் வேலையை விட்ட கோபத்தில் உன்னையும் ஏதாவது பேசுவான்.

பக்கத்து ஷெட் கதை நமக்கு எதற்கு? நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. எண்ணெய் ஓட்டைகளை அடைக்க உன் மஞ்சள் போர்வையிலிருந்து எட்டுத் துண்டு கிழித்தோம். மூடும் முன் நான் "எத்தனை?" என்று கேட்டேன். நீ "எட்டு" என்றாய். அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன். எண்ணாமல் மூடுகிறவனுக்குத்தான் அந்தப் பயம்.

மாமா சுகத்தை மறக்காமல் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால் கொண்டுவரும் வண்டி இரண்டு தடவை வந்துவிட்டுப் போனது. இரண்டு தடவையும் என் பெயரைக் கூப்பிடவில்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மாமா நன்றாக இருக்கிறாரா?

போன வாரம் இங்கே ஒரு டம்பர் லாரியின் எஞ்சின் இறுகியது. சமதரையில்தான். ஓட்டினவன் இறங்கி நடந்து வந்தான். அவனுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், எண்ணெய் மாற்றாத கான்ட்ராக்டருக்கு ஒன்றுமில்லை. நான் அந்த எஞ்சினைப் பார்க்கப் போகவில்லை. போகச் சொன்னார்கள், வயிற்று வலி என்று படுத்துவிட்டேன்.

வால்வைப் பார்த்தீர்களா? முள் எவ்வளவு காட்டுகிறது? ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி

*

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு நலமாக இருக்கிறோம். கவலைப்படாதே. எழுத நேரம் வாய்க்கவில்லை. உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது?

வால்வைக் கழற்றிப் பார்த்தேன். பொடி இல்லை. ஸ்பிரிங் புதுசு மாதிரி இருக்கிறது. மாட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நானே வண்டியில் போனேன். மாமா வேண்டாம் என்றார். சமைக்க ஒன்றுமில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். ஆறாவது வளைவுவரை நாலு. ஏழாவதில் முள் படுத்தது. ஒன்றிலோ அரையிலோ நிற்கவில்லை, அடியோடு படுத்தது. மாமா பதற்றமே இல்லாமல் வண்டியை ஓரம் கட்டினார், எஞ்சினை அணைத்தார், இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.

"என்ன செய்யறீங்க?"

"மூத்தவளுக்கு மூச்சு வாங்குது. நூறு எண்ணுனா சரியாயிடுவா."

நூறு எண்ணினார். ஸ்டார்ட் செய்தார். முள் நாலில் போய் நின்றது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது, கை வைக்க முடியாது. ஆனாலும் நாலு. ஒன்பதாவது வளைவில் மறுபடி நிறுத்தினார், மறுபடி நூறு. ஒரு மாதமாக இப்படித்தான் இறங்குகிறாராம். "எதுக்குச் சொல்லணும், பயப்படுவே" என்றார். கேட்டில் லேட்டாகிறது என்று மேஸ்திரி திட்டுவதைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார்.

நான் அந்த இரண்டு நூறையும் கூடவே எண்ணினேன். ஒருமுறை எழுபத்தெட்டில் எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது.

சம்ப்பை இறக்கட்டுமா? நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் தொடவில்லை. நீ சொல்.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

இறக்கு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இறக்கு. அதுவரை ஒரு நடைகூட வேண்டாம். வரிசை போனால் போகட்டும், மேஸ்திரி தலையில் கல்லைப் போடு.

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். மாமா சுகமா?

நூறு எண்ணினார் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பேரிங் தேய்ந்திருந்தால் சூடு ஆறும்வரை முள் ஏறாது. சூடாக இருக்கும்போதே, இரண்டு நிமிஷத்தில் ஏறுகிறது என்றால் பேரிங் இல்லை. சம்ப்புக்குள் ஏதோ மிதக்கிறது. எஞ்சின் ஓடும்போது பம்ப் இழுக்க, அது எண்ணெய் உறிஞ்சும் சல்லடை வாயில் ஒட்டிக்கொள்கிறது. அணைத்தால் விழுந்துவிடுகிறது. துணிதான் அப்படிச் செய்யும்.

இனி சொல்லலாம். அளவுச் சீட்டு என்று ஒன்று கிடையாது. நான் வேலையை விடுகிறேன் என்று தெரிந்த அன்றே முதலாளி அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். எட்டு வருஷம் அவனுக்கு உழைத்தவனுக்கு ஒரு நாள் அந்தச் சாமானைத் தர மனசு வரவில்லை. கடைசல்காரன் வாயால் சொன்ன அளவை நம்பிப் பேரிங்கைப் போட்டேன். முள் இறங்குகிறது என்று நீ எழுதியதும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். சம்ப்பைத் திறந்தால் வெளியே தெரிந்துவிடும் என்றுதான் மீட்டர், எண்ணெய், வால்வு என்று உன்னை அலைய வைத்தேன். நான் செய்தது தப்பு. ஆனால் காரணம் அது இல்லை என்று இப்போது தெரிகிறது.

நீ மார்ச் மாதம் துணியைப் பற்றிக் கேட்டாய். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அன்று முதலாளி கத்திக்கொண்டிருந்தான், பஸ் போய்க்கொண்டிருந்தது, ஏழு துண்டை எட்டு என்று யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

ஒன்று செய். சம்ப்புக்குப் புது கேஸ்கெட் வேண்டும். அதை வாங்க மாமாவை அனுப்பு. அவர் போனதும் நீ தனியாக இறக்கு. உள்ளே இருப்பதை எடுத்து அடுப்பில் போடு. சல்லடையில் கசடு அடைத்திருந்தது என்று சொல். நானும் அதையே சொல்வேன்.

தம்பி

*

மே 3

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலம்தானே.

நீ சொன்னபடி மாமாவைக் கேஸ்கெட் வாங்க அனுப்பினேன். வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெயை வடித்தேன். இருபத்துநாலு போல்ட். கடைசி இரண்டையும் தளர்த்தியபோது சம்ப் என் மார்மேல் இறங்கியது. சல்லடையைச் சுற்றி ஒரு துணி, ஈரக் கோழித்தோல் மாதிரி, கறுப்பாக.

நீ எழுதியது சரி. அன்று நான் எண்ணவில்லை. ஏழு வரை எண்ணினேன், முதலாளி "பொம்பளைக்கு ஷெட்டுல என்ன வேலை" என்று கத்தினான், கையிலிருந்ததை வாளியில் போட்டுவிட்டேன். நீ கேட்டதும் எட்டு என்றேன். இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு நடைக்கும் அவர் கிளம்பும்போது அந்த எட்டு என் தொண்டையில் நின்றது. சொன்னால், பொம்பளையை உள்ளே விட்டதால் வந்தது என்பார்கள். வேலை செய்தபோது என் பெயரை யாரும் சொல்லவில்லை, தப்புக்கு மட்டும் சொல்வார்கள். அதற்காக வாயை மூடிக்கொண்டு அவரை அனுப்பினேன்.

துணியை டீசலில் அலசினேன். மஞ்சள் வரட்டும், பார்த்துவிடலாம் என்று அலசினேன். ஒரு வாளி கறுத்தது. இரண்டாவது வாளியில் நிறம் வந்தது.

நீலம்.

விரித்துப் பார்த்தேன். மணிக்கட்டுப் பட்டை இருந்தது. அதில் பொத்தானும் இருந்தது.

கண்ணில் சொட்டுகிறது என்று மேலே ஒரு இடுக்கில் திணித்திருக்கிறாய். நான் உன் பையைக் கட்டப் போனபோது. எத்தனை என்று என்னை நீ கேட்டாய், உன்னைக் கேட்க அங்கே யாரும் இல்லை. மெக்கானிக்கை யார் கேட்பார்கள்?

அதே கையோடு பேரிங் மூடி ஒன்றைக் கழற்றினேன். எண்ணெய் போகாமல் தேய்ந்து செம்பு தெரிகிறது. ஆறு பேரிங்கும் அப்படித்தான் இருக்கும். வண்டி நிற்கிறது. வரிசையும் போய்விட்டது.

மாமா கேஸ்கெட்டோடு வந்தார். தரையில் விரித்திருந்ததைப் பார்த்தார். "இது அந்தச் சட்டையோட இன்னொரு கை" என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள், "இதை எடுக்கிறப்போ நான் ஏன் கடையில இருந்தேன்?" என்று கேட்டார். உன் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். என் பங்கையும் சொன்னேன். அவர் போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். தனியாக உனக்கு எழுதப் போகிறாராம். பேனா கேட்டார்.

அக்கா

*

மே 4

மாப்பிள்ளைக்கு,

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் அக்கா துணியைப் பற்றி உன்னிடம் கேட்டது மார்ச் ஆறாம் தேதி. அதற்குப் பிறகு நான் எத்தனை நடை இறங்கினேன் என்று குவாரி கேட் சீட்டுகளை எடுத்து எண்ணினேன். முப்பத்தொன்று. இரண்டாவது தடவையும் எண்ணினேன். முப்பத்தொன்றுதான்.

நீ அவளுக்குத் தெரியாமல் உன்னைக் காப்பாற்றினாய். அவள் உனக்குத் தெரியாமல் தன்னைக் காப்பாற்றினாள். கடைசியில் நீ அவளைக் காப்பாற்றக் கிளம்பி என்னைக் கடைக்கு அனுப்பினாய். ஏழாவது வளைவில் நான் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மைக்ரோமீட்டரைப் பூட்டியவனையும், நடை தவறினால் வரிசையைப் பிடுங்குகிறவனையும் என்னால் திட்ட முடியும். தினமும் திட்டுகிறேன். உங்கள் இருவரையும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

இதை உன் அக்கா படித்துவிட்டாள். எதையும் மாற்றச் சொல்லவில்லை.

எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் மாமா சுகமா என்று கேட்டிருக்கிறாய். சுகமாக இருக்கிறேன்.

பொத்தானை இதோடு வைத்திருக்கிறேன்.